கட்டாமல் விட்ட கால்

சாலம்மாள் தண்ணி ஊற்றிய பிள்ளைக்கு மூக்கு சப்பையாக இருக்காது என்று கடத்தூரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டதே சாலம்மாள்தான் என்று அவள் புருஷன் மாயவன் சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும். பதினேழு வருஷமாக ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் கால்மேல் கிடந்து அழுதவைதான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கடைவீதியில் நின்றால், இது நான் உருட்டிய மண்டை, அது நான் எடுத்துவிட்ட மூக்கு என்று விரல் நீட்டிக் காட்டுவாள். கர்வம்தான். வேலை தெரிந்தவளுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

எண்பத்து நாலாம் வருஷம், தை மாதம். வெயில் ஏறியும் பனி விலகாத காலை. பள்ளிவாசல் தெருவில் தையல்காரர் நூர் பாஷா வீட்டுக் கொல்லையில் நொச்சித் தழையும் வேப்பிலையும் போட்டு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அவர் மகள் ஷகிலாவுக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை. ஏழாம் நாள் முடி இறக்கி நசீமா என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து தாய்க்கும் பிள்ளைக்கும் தண்ணி ஊற்ற சாலம்மாள் வந்துகொண்டிருந்தாள். அன்றைக்குப் பதினோராம் நாள்.

முதலில் தாய். ஷகிலாவைப் பலகையில் உட்காரவைத்து, சுடவைத்த நல்லெண்ணெயைப் பிடரியில் தொடங்கி இடுப்புவரை கட்டைவிரலால் இழுத்து இறக்கினாள். பிறகு எழுந்து நின்று, சொம்பில் வெந்நீரை மொண்டு, இடுப்பைப் பார்த்து விசிறி அடித்தாள்.

"அக்கா, சுடுதுக்கா!"

"சுடணும் கண்ணு. இந்த எலும்பு பிரிஞ்சு சேர்ந்திருக்குது. இப்ப அடிச்சாத்தான் நாளைக்கு நீ குனிஞ்சு ஒரு கொடம் தண்ணி தூக்கலாம். கொஞ்சம் பல்ல கடிச்சிக்க."

"நீங்க எல்லார் வூட்லயும் இப்படித்தான் அடிப்பீங்களா?"

"உனக்குக் கம்மி. தையக்காரரு பொண்ணாச்சே, நூலு மாதிரி இருக்கிறயேன்னு பாவம் பார்த்து அடிக்கிறேன்."

ஷகிலா சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கிறது என்று அதற்கும் முனகினாள். துடைத்துவிட்டு, பழைய நூல் சேலை ஒன்றை நீளவாக்கில் மடித்து, அவள் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள் சாலம்மாள். உள்ளே ஷகிலாவின் அம்மா ஜான் பீ பூண்டை நசுக்கி அரிசிக் கஞ்சியில் போட்டுக்கொண்டிருந்தாள். வாசனை கொல்லைவரைக்கும் வந்தது.

பிறகு பிள்ளை. சாலம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, சேர்த்துவைத்த கெண்டைக்கால்கள்மேல் நசீமாவைக் கிடத்தினாள். தொப்புள் கொடி விழுகிறவரை அவள் பிள்ளையை மேலாகத்தான் தடவுவாள். கொடி விழுந்தது முந்தின நாள்தான். அதனால் கைகாலை மடக்கிப் பிரித்துத் தேய்ப்பது அன்றைக்குத்தான் முதல்தடவை. கையை மார்புமேல் குறுக்கே கொண்டுபோனாள். வலது காலை மடக்கி வெளிப்பக்கம் சாய்த்தாள். புத்தகத்தை விரிக்கிற மாதிரி விரிந்தது. இடது காலை மடக்கிச் சாய்த்தாள்.

தொடையின் அடியில் ஏதோ நழுவிக் குழிக்குள் விழுந்தது.

சத்தம் எதுவும் இல்லை. விரல் நுனிக்கு மட்டும் தெரிந்த ஒரு துள்ளல். காலைச் சேர்த்தபோது அது மறுபடியும் குழியை விட்டு வெளியே நழுவிற்று. குழந்தை அழக்கூட இல்லை. எண்ணெய் மினுமினுக்கும் முகத்தோடு இவளையே பார்த்தது. சாலம்மாள் அந்தக் காலை அதற்குமேல் தொடாமல், தண்ணி ஊற்றி, சாம்பிராணி காட்டி, துணியில் பொதிந்து உள்ளே கொண்டுபோனாள்.

ஜான் பீ வெள்ளைத் துணிப் பட்டையை நீட்டினாள். குளித்த பிள்ளைக்கு இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை துணி சுற்றிக் கட்டிவிடுவது வழக்கம். அப்போதுதான் கால் வளையாமல் நேராக வளரும் என்பார்கள். சாலம்மாள் கட்டுகிற கட்டு அவ்வளவு அழகாக இருக்கும்.

"இன்னிக்குக் கட்ட வேணாம் பாயம்மா."

"ஏன்?"

"இடது கால்ல ஒண்ணு இருக்குதுங்க. தொடை எலும்பு குழியில நிக்க மாட்டேங்குது. விரிச்சா உள்ள போவுது, சேர்த்தா வெளிய வருது. சேர்த்துக் கட்டினா அது வெளியவே நின்னுரும். எலும்பு டாக்டர்கிட்ட காட்டணுங்க."

ஜான் பீ கையில் பட்டையோடு அப்படியே நின்றாள். "என்ன சொல்ற நீ? டாக்டர் எதுக்கு? உன் கை இருக்குதே. ரெண்டு இழு இழுத்து உக்கார வச்சிடு."

"இது என் கையி வேலை இல்லீங்க."

தன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று சாலம்மாளே நினைத்ததில்லை. ஜான் பீயும் நினைத்திருக்க மாட்டாள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு அந்தக் காலு? இன்னிக்கு நீ மடக்கித் தேச்ச, இன்னிக்கே எலும்பு நிக்கலைங்கிற. நீதான் என்னமோ பண்ணிட்ட. பண்ணிட்டு டாக்டருங்கிற."

"பாயம்மா, நான் ஒண்ணும்..."

"நாப்பதாம் நாள் அரூர்ல இருந்து சம்பந்தி வராங்க. பேத்திய மடியில வாங்குவாங்க. காலு ஊனமுன்னு தெரிஞ்சா என் பொண்ணு அந்த வூட்ல எப்படிப் பொழைப்பா? நீ நாளைக்கு வர வேணாம். நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

ஷகிலாவின் மாமனார் வீடு அரூரில் புளி மண்டி வைத்திருக்கிற வீடு. பெரிய இடம். ஜான் பீயின் பயம் சாலம்மாளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோது, எண்ணெய் காயாத கையைப் பார்த்து அழுகை வந்தது. பதினேழு வருஷத்தில் அந்தக் கையை யாரும் குற்றம் சொன்னதில்லை.

மத்தியானம் மாயவன் வெல்ல மண்டியிலிருந்து மூட்டை இறக்கிவிட்டு வந்தான். களியும் கொள்ளுக் கடைசலும் வைத்தாள். அவன் ஒரு உருண்டை முழுங்கிவிட்டு, "வாய மூடிக்கினு கட்டிட்டு வந்திருக்கலாமில்ல? தெரியாத மாதிரி இருந்தா யாரு உன்னக் கேக்கப் போறாங்க?" என்றான்.

"யாரும் கேக்க மாட்டாங்க. ராஜாமணி விஷயத்துல யாரு கேட்டாங்க?"

மாயவன் களியைப் பிட்ட கையை நிறுத்தினான்.

பக்கத்துக் காட்டுக்கொட்டாயில் பெரியண்ணன் என்றொரு குடியானவர். அவர் மகள் ராஜாமணிக்குத் தண்ணி ஊற்றியபோது சாலம்மாளுக்குத் தொழில் புதுசு. அந்தப் பிள்ளையின் தொடையிலும் இதே துள்ளல் விரலுக்குத் தட்டியது. வாயுவாக இருக்கும் என்று நினைத்தாள். எண்ணெய் கூடுதலாகப் போட்டுத் தேய்த்து, காலை இன்னும் இறுக்கிக் கட்டினாள். ராஜாமணி இரண்டு வயது தாண்டித்தான் நடந்தாள். இப்போது பதினாலு வயது. சந்தையில் கூடை தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போவாள். பிறவி, தலையெழுத்து என்று அவர்கள் வீட்டில் விட்டுவிட்டார்கள். சாலம்மாளைக் கண்டால் பெரியண்ணன் பெண்சாதி இன்றைக்கும் மோர் கொடுக்காமல் அனுப்ப மாட்டாள். அந்த மோர் தொண்டையில் இறங்கவே இறங்காது.

"அன்னிக்கு எனக்குத் தெரியல. இன்னிக்குத் தெரியுது. தெரிஞ்சும் கட்டினா நான் மனுஷியா?"

"சரி. அந்தம்மாதான் வராதேன்னுட்டாங்களே."

"தண்ணி ஊத்தத்தானே வேணாம்னாங்க? பேச வேணாம்னு சொல்லலயே."

மறுநாள் அதே நேரத்துக்குப் போய் நின்றாள். ஜான் பீ கதவைத் திறந்து, முகத்தைச் சுளித்து, சாத்தப் போனாள். உள்ளேயிருந்து ஷகிலாவின் குரல் கேட்டது.

"அம்மா, அக்காவ உள்ள விடுங்க."

நேற்று முழுக்க அந்தப் பெண் துணி மாற்றும்போதெல்லாம் பிள்ளையின் காலையே கவனித்திருக்கிறாள். "வலது காலு விரியற மாதிரி இடது காலு விரியலக்கா. நானும் பாத்தேன்" என்றாள்.

சாலம்மாள் பிள்ளையைத் தொடவில்லை. "நீயே எடு கண்ணு. நான் தொட்டா அதுக்கும் பேச்சு வரும். மல்லாக்கக் கிடத்து. ரெண்டு முட்டியையும் மடக்கிப் பாதத்தச் சேர்த்து வை. இப்ப முட்டியப் பாரு."

இரண்டு முழங்காலும் ஒரே உயரத்தில் இல்லை. இடது முழங்கால் அரை விரல்கடை தாழ்ந்திருந்தது.

"இப்ப தொடை மடிப்ப எண்ணு."

"வலது பக்கம் ரெண்டு." ஷகிலாவின் குரல் இறங்கியது. "இடது பக்கம் மூணு."

"ஒரு நாள்ல மடிப்பு மூணாவுமா பாயம்மா? பொறந்தப்பவே அப்படித்தாங்க. என் கையில பட்டது நேத்து. அவ்வளவுதான்."

ஜான் பீ குனிந்து பார்த்தாள். தானும் ஒருதடவை எண்ணினாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு நூர் பாஷா வாசற்படிக்கு வந்தார். அளந்து பேசுகிற மனுஷன்.

"இப்ப என்ன பண்ணணும், சாலம்மா?"

"தருமபுரிக்கு இட்டுக்கினு போகணும் பாய். இன்னிக்கே."

"நாப்பது முடியாம பச்ச ஒடம்புக்காரி வாசப்படி தாண்டறதா?" என்று ஜான் பீ பதறினாள். "காத்து பட்டா ஜன்னி வரும். நம்ம சனங்க என்ன சொல்லுவாங்க?"

"புள்ளைக்குப் பாலு வேணுமில்ல. ஷகிலா வராம எப்படி? காதுல பஞ்சு வச்சு, தலையோட சால்வை சுத்தி, ஜன்னல் இல்லாத சீட்டாப் பாத்து உக்கார வைக்கிறது என் பொறுப்பு. ஒரு தும்மல் வந்தாக்கூட என்னக் கேளுங்க."

நூர் பாஷா மகளைப் பார்த்தார். ஷகிலா அதற்குள் சால்வையைக் கையில் எடுத்திருந்தாள். ஜான் பீயும் கூடவே கிளம்பினாள்.

தருமபுரியில் எலும்பு டாக்டர் சின்ன வயசுக்காரர். பிள்ளையின் உடம்பில் எண்ணெய் வாசனையை மோந்ததுமே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரு இந்தக் கொழந்தையோட காலை இழுத்தது?"

"நான்தாங்க" என்று சாலம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். "ஒரேதரம் மடக்கி விரிச்சேன். குழியில விழுந்து எழுந்துச்சு. அதோட விட்டுட்டேன். நீங்களும் கைய வச்சுப் பாருங்க."

அவர் முறைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு முழங்காலையும் உள்ளங்கையில் அடக்கி, நடுவிரலைத் தொடையின் வெளிப்பக்கம் வைத்து மெதுவாக விரித்தார். இடது பக்கம் வந்தபோது அவருடைய முகம் மாறியது. அதே இடம். சாலம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

"போட்டோ எடுக்க வேணாங்களா சார்? மிஷினு?" என்று நூர் பாஷா கேட்டார்.

"இந்த வயசுல மூட்டு குருத்தாத்தான் இருக்கும், போட்டோல சரியாத் தெரியாது. இதுக்குக் கைதான்." டாக்டர் சாலம்மாள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "எத்தனாவது நாள் கண்டுபிடிச்சீங்க?"

"நேத்து. பதினோராம் நாளுங்க."

"எங்கிட்ட இந்தக் கேஸு ரெண்டு வயசுல, மூணு வயசுல நொண்டிக்கிட்டு வரும். அப்ப ஆபரேஷன்தான். பதினோரு நாள்ல யாரும் கொண்டுவந்ததில்லைம்மா."

சாலம்மாளுக்குத் தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது. ஜான் பீ பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள்.

"இது பொறவிக் குறை. யாரும் பண்ணினதில்லை" என்று சொல்லிக்கொண்டே வந்த டாக்டர், "ஆமா, காலை நீட்டிச் சேர்த்துக் கட்டுவாங்களே, அது மாதிரி யாராவது கட்டினீங்களா?" என்றார்.

ஜான் பீ தரையைப் பார்த்தாள். சாலம்மாள் பொய் சொல்லியிருக்கலாம். வழக்கம் அப்படி சார் என்று பொதுவாக மழுப்பியும் இருக்கலாம்.

"நான்தாங்க கட்டினேன். எட்டு நாளா. இந்தப் புள்ளைக்கு மட்டுமில்ல சார். பதினேழு வருஷமா எல்லாப் புள்ளைக்கும் கட்டுறேன்."

"அது தப்பும்மா. லேசா நழுவுற மூட்டு தானா உக்காந்துடும், சும்மா விட்டா. கட்டினா உக்காராது. கொழந்த தவளை மாதிரி காலை விரிச்சு வச்சிருக்கிறதுதான் சரி. நாமதான் அதை நேராக்குறோம்னு கெடுக்கிறோம்."

வைத்த கிரீடத்தை அவரே எடுத்துக்கொண்டுவிட்டார். வலித்தது. ஆனால் சேர்த்தால் வெளியே வரும் என்று நேற்றைக்கே அவள் விரல் சொன்னதைத்தான் அவர் வாய் சொல்கிறது. அதனால் அவளால் கோபப்பட முடியவில்லை. பஞ்சு வைத்துத் தைத்த வார்ப்பட்டையை எடுத்து, இரண்டு காலையும் மடக்கி விரித்து, தோளோடு சேர்த்துப் பூட்டினார் டாக்டர். மூன்று மாதம் இருக்கவேண்டும். வாரம் ஒருதடவை இங்கே வந்து காட்டவேண்டும். அவரைத் தவிர யாரும் கழற்றக் கூடாது.

"குளிப்பாட்டுறது?" என்று ஷகிலா கேட்டாள்.

"தண்ணி ஊத்தக் கூடாது. துடைக்கலாம். பாத்துத் துடைக்க ஆள் வேணும்."

"ஆளுக்கா பஞ்சம்?" என்றாள் சாலம்மாள்.

ஊருக்குத் திரும்பிய கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல், அப்போது தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மற்ற இரண்டு வீட்டுக்கும் போனாள். தூளியிலிருந்து பிள்ளைகளை எடுத்து, தான் காலையில் கட்டிய கட்டைத் தானே அவிழ்த்தாள். அதில் ஒரு வீடு செட்டியார் வீடு. அந்த வீட்டம்மா மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டு, "அப்ப இத்தனை வருஷமா தப்பாத்தான் பண்ணிக்கினு இருந்தியா?" என்றாள்.

"ஆமாங்க. தப்பாத்தான் பண்ணேன். இனிமேட்டுப் பண்ண மாட்டேன்."

தலையைக் குனியாமல் சொன்னாள். அப்படிச் சொன்னபிறகு அந்த வீட்டில் இனிமேல் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்ற கவலை வழியெல்லாம் இருந்தது. இருந்தாலும் நடை ஒன்றும் தளரவில்லை.

நசீமாவுக்கு வேறு ஆள் யாரும் வரவில்லை. சாலம்மாள்தான் போனாள். காலைச் சேர்த்து நீட்டி உட்கார்ந்து பழகியவள் இப்போது காலை அகட்டி உட்கார்ந்து, நடுவில் தலையணை போட்டு, அதில் பிள்ளையைக் கிடத்திக்கொண்டாள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த மல் துணியால் வாருக்கும் தோலுக்கும் நடுவே விரல் விட்டுத் துடைத்தாள். வார் அழுத்துகிற இடத்தில் சிவப்புத் தட்டுகிறதா என்று பார்த்தாள். கால்விரலைத் தொட்டுச் சூடு பார்த்தாள். எண்ணெய் மார்புக்கும் கைக்கும் மட்டும். முன்பு அரைமணி நேரத்தில் முடிந்த வேலை ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

நாற்பதாம் நாள் வந்தது. ஷகிலாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊற்றி முடித்தபோது, தெருவில் கார் வந்து நிற்கிற சத்தம். கோழிக்கறி வேகிற அடுப்பை விட்டுவிட்டு ஜான் பீ ஓடிவந்தாள். வந்தவள் சாலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மணி நேரம் கழட்டிடு சாலம்மா. அவங்க பாத்துட்டு, சாப்ட்டுட்டுப் போனதும் திரும்ப மாட்டிக்கலாம். உன் கைக்குத் தெரியாததா?"

"கழட்ட மாட்டேங்க."

"உன் கால்ல வேணா விழறேன்."

"பாயம்மா, இப்பத்தான் அது குழியில உக்காந்து பழகிக்கினு இருக்குது. ஒரு மணி நேரம் நாம வெக்கப்படாம இருக்கிறதுக்கு, அது ஆயுசுக்கும் நொண்டணுமா?" அவள் பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நீங்க சோத்தப் பாருங்க. நான் கொண்டுபோய்க் காட்டுறேன்."

சால்வைகூடப் போர்த்தவில்லை. முன் அறையில் ஷகிலாவின் மாமியார் வஹிதா பாயில் உட்கார்ந்திருந்தாள். கனத்த உடம்பு, கனத்த பார்வை. அவள் மடியில், வார்ப்பட்டையோடு, தவளை மாதிரிக் காலை விரித்திருந்த பேத்தியை வைத்தாள் சாலம்மாள். கதவுக்குப் பின்னால் ஜான் பீ முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

"என்ன இது?"

சாலம்மாள் சொன்னாள். துள்ளல், மடிப்பு, டாக்டர், தான் கட்டிய கட்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில், "பொண்ணு மேலயும் குத்தமில்லீங்க, பெத்தவங்க மேலயும் குத்தமில்லீங்க. கால் சரியாப் போவும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. பட்டைய மட்டும் கழட்டக் கூடாது" என்றாள்.

வஹிதா வாரை இழுத்துப் பார்த்தாள். பிள்ளையின் கால்விரலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதோட மூத்திரத் துணி எப்படி மாத்துறீங்க?"

சாலம்மாள் பாயில் உட்கார்ந்தாள். "இடுப்பத் தூக்கக் கூடாதுங்க. அடியில கைய விட்டு, துணிய நழுவ விடணும்."

"காட்டு."

காட்டினாள். பட்டுச் சேலையை வாரிச் சொருகிக்கொண்டு, வஹிதாவும் காலை அகட்டி உட்கார்ந்து, தலையணையை இழுத்துப் போட்டாள். "அரூர் வந்தா நான்தானே பாக்கணும்? துடைக்கிறதையும் காட்டு. ஏம்மா ஜான் பீ, அங்க நின்னு என்ன பண்ற? வெந்நி கொண்டா." கதவுக்குப் பின்னாலிருந்து அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது.

சித்திரை வெயிலில் மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் பட்டையைக் கழற்றி, நசீமாவை மேசையில் கிடத்தி, முழங்காலைப் பிடித்து விரித்தார். சேர்த்தார். மறுபடியும் விரித்தார். ஜான் பீயும் ஷகிலாவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒதுங்கி நின்று, "வாங்கம்மா, நீங்க பாருங்க" என்று சாலம்மாளைக் கூப்பிட்டார்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இரண்டு முழங்காலையும் உள்ளங்கையில் அடக்கி, டாக்டர் வைத்த மாதிரியே நடுவிரலை வெளியே வைத்தாள். வலது காலை விரித்தாள். பிறகு இடது கால். மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு விரித்தாள், சேர்த்தாள். இன்னொருதடவை. விரல் நுனி காத்துக்கொண்டிருந்தது. குழந்தை காலை உதறி அவள் மணிக்கட்டில் ஓங்கி ஓர் உதை விட்டது.

"என்ன இருக்குது?" ஜான் பீ மேசையோரம் வந்துவிட்டாள். "சொல்லு சாலம்மா, என்ன தட்டுது?"

சாலம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை. நிமிர்ந்து நின்றாள்.

"ஒண்ணுமே இல்லீங்க பாயம்மா" என்றாள். "ஒண்ணுமே தட்டல."